சேறு கற்பித்த பாடம்

சேறு என்றதும் முகம் சுளிப்பது நம் வழக்கம். அந்தச் சேற்றையே தாயகமாகக் கொண்ட மீனினம் ஒன்று உண்டு. அதுவே சேற்றுத்தாவி. எங்கள் சுசீந்திரத்தின் ஓரமாய் ஓடும் பழையாறு மணக்குடியில் கடலோடு கலக்கிறது. அங்கே நீர் வற்றும் வேளையில், மார்புத் துடுப்புகளை ஊன்றித் தாவித் தாவிச் செல்லும் இம்மீனைக் காணலாம். ஈரத்தோலின் வழியாகவும் காற்றிலுள்ள உயிர்வளியைப் பெறும் விந்தை உயிர் அது.

விலங்கியல் துறைக் கண்காட்சிக்காக இரண்டு மீன்களைப் பிடித்து வந்தேன். பேராசிரியர் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தந்தார். ஆற்றுநீரையும் கடல்நீரையும் கலந்து உவர்நீர் ஆக்கியது எளிதாயிற்று. அடியில் எதைப் பரப்புவது என்பதில்தான் இடறினேன்.

முதலில் கடையில் வாங்கிய வண்ணக் கற்களைப் பரப்பினேன். தொட்டி அழகாயிருந்தது, ஆனால் கூரிய கற்களில் உரசி மீன்களின் வயிறு சிவந்தது. கற்களை அகற்றி ஆற்று மணலை இட்டேன். மீன்கள் வாயால் தோண்டிய வளை, தோண்டத் தோண்டச் சரிந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது, வயல்வேலை முடித்து வந்திருந்த அப்பா சிரித்தார்.

“மக்கா, வரப்புல நண்டு போட்ட வளை இடியாம நிக்கது களிமண்ணுனாலல்லா? ஆத்து மணலுல எப்படி நிக்கும்?”

மறுநாளே மணக்குடிக்குச் சென்று இரண்டு வாளி கருஞ்சேறு அள்ளி வந்து அரையடி உயரத்துக்கு நிரப்பினேன். மீன்கள் மகிழ்ந்து வளை தோண்டின. நான்காம் நாள் தொட்டியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. மறுநாள் காலை ஒரு மீன் செத்துக் கிடந்தது. அன்று எனக்கு உணவு இறங்கவில்லை.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை. “காற்றுப் புகாத சேற்றில் சில நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். காயலில் ஏற்றவற்றம் நீரை மாற்றிக்கொண்டே இருக்கும். உன் தொட்டியில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். காயலின் சேற்றை அள்ளி வந்த நான், காயலின் ஓதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்!

பிறகு சேற்றோடு நுண்மணலைக் கலந்து, ஒருபுறம் கரையாக உயருமாறு மெல்லிய சரிவாகப் பரப்பினேன். ஆழமான வளைக்குப் பதிலாக உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்தேன். நாள்தோறும் பாதி நீரை இறைத்துப் புதுநீர் வார்த்தேன். எஞ்சிய மீன் பிழைத்தது. கண்காட்சியன்று அப்பா வந்திருந்தார். அவர் ஒரு கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்தது அதுவே முதல் முறை. பேராசிரியர் அவரிடம் வயல்மண்ணைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பாவும் நானும் அந்த மீனை மணக்குடியிலேயே விட்டோம். அது திரும்பிப் பாராமல் சேற்றில் புகுந்தது.

2022-ஆம் ஆண்டில் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. வந்திறங்கும் பறவைகளைக் கண்டு பெருமை கொள்கிறோம். அப்பறவைகளுக்கு இரை தரும் சேற்றையோ குப்பை கொட்டும் இடமாக எண்ணுகிறோம். ஒரு தொட்டிச் சேற்றைச் சரியாக வைத்திருக்க நான் ஓர் உயிரைப் பலிகொடுக்க நேர்ந்தது. ஓதம் இலவசமாய்ச் செய்யும் அவ்வேலையைக் கெடுக்காதிருப்பதே நாம் செய்யக்கூடிய பேருதவி அன்றோ!