மூன்று சொல்லில் ஒரு விபத்து

தேக்காவுக்கு அருகில் ஒரு மாடியறையில், ஞாயிறு மாலைதோறும் சில ஆண்டுகளாக நாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். வருவோர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த இளைஞர்கள். புத்தகத்துப் பாடங்கள் அவர்களிடம் செல்லுபடியாகவில்லை. கடற்கரைக்கு உல்லாசமாகச் சென்றுவந்த கதையை எழுதுக என்றால் பேனா நகர மறுத்தது. ஒருநாள், நீங்கள் கண்ணால் கண்ட விபத்து ஒன்றைச் சொல்லுங்கள் என்றோம். அவ்வளவுதான், அறை முழுவதும் வாய் திறந்துகொண்டது! அன்றுமுதல் விபத்தும் மீட்பும் நம் வகுப்பின் நிரந்தரப் பாடங்களாயின. நகைப்போர் நகைக்கட்டும். இறந்தகால வினையைக் கற்பிக்க இதனினும் நல்ல பொருளை நாம் கண்டதில்லை. அவன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான், 'வாஸ் கிளைம்பிங்'. அப்பொழுது ஏணி வழுக்கிற்று, 'ஸ்லிப்ட்'. நீண்டு செல்லும் ஒரு செயலை மற்றொன்று நடுவில் அறுக்கும் இடம் அது. இலக்கண நூல் பத்துப் பக்கத்தில் சொல்வதை அந்த ஏணி ஒரே நொடியில் சொல்லிவிடுகிறது.

995 என்னும் எண்ணை அழைத்து ஆம்புலன்ஸ் கேட்பதுபோல இருவர் இருவராகப் பேசவும் வைப்போம். ஆள் விழுந்துவிட்டான், உடனே வாருங்கள் என்று பலரும் கூவுவரேயன்றி, எங்கே வருவது என்பதைச் சொல்லார்.

2025ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து, ஒரு பெண்மணி காரோடு உள்ளே வீழ்ந்ததை வாசகர்கள் அறிவார்கள். பக்கத்து வேலைத்தளத்தில் இருந்த தொழிலாளர் எழுவர், தமிழரான மேற்பார்வையாளர் உட்பட, கயிறு வீசி, சில நிமிடங்களுக்குள் அவரை மேலே இழுத்துவிட்டனர். அடுத்த வகுப்பில் வேறு பேச்சே இல்லை. ஓடினார்கள், வீசினார்கள், பிடித்தார்கள், இழுத்தார்கள் என்று வினைகள் மளமளவென வந்தன. ஒவ்வொரு வினைக்கும் ஓர் ஆள் இருந்தான். அவ்வெழுவரில் ஒருவரையும் அறியாத பையன்கூட 'நாங்கள் இழுத்தோம்' என்றே சொல்லி முடித்தான். நாம் திருத்தவில்லை.

விபத்தைச் சொல்லும்போதோ ஆள் மறைந்து போகிறான். சுருட்டிய கட்டோடு வந்திருந்த ஒரு தம்பி எழுந்து, 'ஐ ஹர்ட் மை ஹாண்ட்' என்றான். இலக்கணத்தில் குற்றமில்லை. தமிழில் சொல் என்றோம்.

"கையில அடிபட்டுடுச்சு, ஐயா."

"எதனால்?"

மேலே அடுக்கியிருந்த பலகை சரிந்ததாம். அடுக்கியவன் இவனல்லன்; அடுக்கைக் கட்டுவாரும் இல்லை. தமிழில் அடி தானாக வந்து பட்டது. ஆங்கிலத்திலோ இவனே தன் கையைக் கெடுத்துக்கொண்டவன் போலாயிற்று. இரண்டு மொழியிலும் பலகையைக் காணோம்!

அவனைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. 1967ஆம் ஆண்டு, ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நமக்கு வயது 11. நம் பெரியம்மா காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து ஓடைப் பாலத்தைக் கடக்கையில், பலகை முறிந்து கீழே விழுந்தார், இடதுகால் ஒடிந்தது. அப்பலகை உளுத்துப் போயிருந்ததை அவரே முன்னம் கங்காணியிடம் சொல்லியிருந்தார். ஆயினும் கிராணியார் வந்து விசாரித்தபொழுது, "விழுந்துட்டேங்க ஐயா, எல்லாம் என் தலையெழுத்து" என்றார். கிராணியார் தலையெழுத்தை விட்டுவிட்டு மற்றதை ஆங்கிலத்தில் எழுதி, ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்தார். வேலையின்பொருட்டு, வேலை நடக்கையில் நேர்ந்த காயத்துக்கு ஈடு தரும் சட்டம் மலாயாவில் 1952இலேயே வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு வந்து சேர்ந்ததோ ஒரு மூட்டை அரிசியும் பத்து வெள்ளியும். அதற்கும் அவர் கும்பிடு போட்டதை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். தமிழ்ப் பள்ளியில் படித்துவந்த நமக்கு அச்சீட்டில் இருந்த எழுத்துக்களைக் கூட்டத் தெரியும், பொருள் தெரியாது.

அவர் காலமான பின்னர் டிரங்குப் பெட்டியில் அச்சீட்டு அகப்பட்டது. அதில் மூன்றே சொற்கள்: 'ஷி ஃபெல் டவுன்.' வாளி இல்லை, பாலம் இல்லை, பொழுது இல்லை. கிராணியார் பொய் எழுதவில்லை என்பதுதான் இன்றளவும் நம்மை உறுத்துவது. சொன்னதை எழுதினார், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

சென்ற மாதம் அம்மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, நடந்ததைத் தமிழில் சொல்லி, முழு அறிக்கையாக்குங்கள் என்றோம். ஒரு மணி நேரம் சச்சரவு. உளுத்த பலகைக்கு 'ராட்டன்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்தார்கள். பால் எத்தனை வாளி, ஓடை எவ்வளவு ஆழம், யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார் என்று நம்மையே துளைத்தெடுத்தனர். என்றைக்குச் சொன்னார் என்பதற்கு நம்மிடம் விடையில்லை. பெரியம்மாவை நாமும் கேட்டதில்லை. கைக்கட்டுத் தம்பி அவ்விடத்தில் ஒரு கோடு இழுத்துக் காலியாக விட்டான். அவ்வறிக்கை ஏழு வாக்கியம் வந்தது. அதை மடித்து, பழைய சீட்டோடு சேர்த்து அதே பெட்டியில் வைத்திருக்கிறோம்.