ஒரு புட்டிக் கடல்

வெளியூர் சென்று வருபவர் வெறுங்கையோடு வீடு திரும்பலாகாது என்பது நம் நாட்டு வழக்கம். வாங்கி வரும் பொருள் பெரிதா சிறிதா என்பதன்று கேள்வி. ‘அங்கே இருந்தபோதும் உங்களை நினைத்துக்கொண்டேன்’ என்று சொல்ல ஏதேனும் ஒன்று கையில் இருக்க வேண்டும். இந்த எளிய உண்மையை நான் கற்றுக்கொண்டது, சென்ற ஆண்டு எங்கள் துறையினர் மேற்கொண்ட மூன்று நாள் கல்விச் சுற்றுலாவில்தான்.

புறப்படும்போது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து முந்நூறு ரூபாய் தந்தார். களை எடுத்த கூலி அது. திண்ணையில் அமர்ந்திருந்த அப்பத்தா, “ஏய்யா, கன்னியாகுமரியில கடல் தண்ணி கொஞ்சம் கொண்டாய்யா” என்றார். வானம் பார்த்த பூமியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, கடலைக் காணாமலே கண் மங்கிப்போனவர் அவர். “சரி அப்பத்தா” என்றேன். ஆனால், தண்ணீரை யாராவது சுமந்து வருவார்களா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் நாள் தஞ்சை. 1010ஆம் ஆண்டில் இராசராசன் கட்டி முடித்த பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தே வலித்துவிட்டது. வெளியே கடைகளில் வரிசையாகத் தலையாட்டிப் பொம்மைகள். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும், மேற்பாகம் இலேசாகவும் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் அது நிமிர்ந்துவிடும் என்று பேராசிரியர் விளக்கினார். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்றும் சொன்னார். தங்கைக்கென்று சிறிய பொம்மை ஒன்று வாங்கினேன். விலை நூறு ரூபாய்.

மூன்றாம் நாள் கன்னியாகுமரி. 133 அடி உயர வள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் எல்லாவற்றையும் கண்டு மகிழ்ந்தோம். கடைத்தெருவில் சங்கு, சிப்பி, வண்ண மணல் பொட்டலங்கள்! பவளமும் சில சங்கு, சிப்பி இனங்களும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் அவற்றைத் தொடவே கூடாது என்று பேராசிரியர் எச்சரித்தார். நானோ, பிளாஸ்டிக் சட்டத்தில் ஊர்ப் பெயர் பொறித்த முகக்கண்ணாடி ஒன்றைப் பேரம் பேசி நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கினேன். யாருக்கு? எனக்குத்தான், விடுதி அறையில் மாட்டுவதற்கு!

பேருந்தில் ஏறி அமர்ந்துவிட்டோம். பக்கத்து இருக்கை நண்பன் புட்டியைத் திறந்து தண்ணீர் குடித்தான். சுருக்கென்றது நெஞ்சு. “ஐயா, இரண்டே நிமிடம்!” என்று கூவிவிட்டு இறங்கி ஓடினேன். என் புட்டியில் இருந்த குடிநீரைக் கொட்டிவிட்டு, முழங்கால்வரை நனைந்து, கடல்நீரை மொண்டுகொண்டு திரும்பினேன். ஓட்டுநர் ஒலிப்பான் அடித்தார், பேராசிரியர் கடிந்துகொண்டார். “ஊரில் உப்பளம் வைக்கப் போகிறாயா?” என்று நண்பர்கள் சிரித்தார்கள்.

வீடு சேர்ந்ததும் தங்கை பொம்மையைத் தள்ளித் தள்ளி ஆர்ப்பரித்தாள். அப்பத்தாவின் கையில் புட்டியைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். விரலை நனைத்து நாவில் வைத்தார்.

“இம்புட்டு உப்பாய்யா!”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உங்க அய்யா கூட்டிப் போறேன், கூட்டிப் போறேன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு. இப்பத்தான் வந்திருக்கு” என்றார். தண்ணீரை வாயகன்ற கிண்ணம் ஒன்றில் ஊற்றிப் பாட்டனார் படத்தின் முன் வைக்கச் சொன்னார்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்று படித்திருக்கிறேன். என் புட்டி அரை லிட்டர். நாளடைவில் நீர் வற்றிக் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிந்தது. அப்பத்தா அதைக் கழுவவிடவில்லை. நான் வாங்கிய கண்ணாடியைப் போலவே ஒன்றைப் பின்னர் எங்கள் ஊர்ச் சந்தையில் கண்டேன். அதில் வேறோர் ஊரின் பெயர் எழுதியிருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு!

நண்பர்களே! பயணம் புறப்படுமுன் வீட்டில் இருப்பவர்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதை மறவாதீர்கள். அந்த ஊரில் மட்டுமே கிடைப்பதை, இயன்றால் செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். கடலில் உயிரோடு இருப்பதைக் கடலுக்கே விட்டுவிடுங்கள்.

முந்நூறு ரூபாயில் ஒரு காசும் செலவாகாத பொருளே எங்கள் வீட்டில் விலை மிகுந்ததாயிற்று. என்றாலும் எனக்கு மனநிறைவில்லை. புட்டியில் வந்தது கடலின் சுவை மட்டுமே. அதன் ஓசை வரவில்லையே! கண் மங்கினாலும் அப்பத்தாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். வரும் கோடை விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்துப் பேருந்துக் கட்டணம் சேர்க்கப் போகிறேன். பாட்டனார் சொல்லிவிட்டுப் போனதைப் பேரன் செய்து முடிக்க வேண்டும்.