பாங்காக் போனோம்... முறைக்காதீங்க!

சிங்கப்பூர் போகிறேன் என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். "கோடாலித் தைலம் வாங்கிட்டு வா" என்பார்கள். மலேசியா என்றால், "பத்துமலை முருகனுக்கு என் சார்பா ஒரு கும்பிடு போட்டுடு" என்பார்கள். பாங்காக் என்று சொல்லுங்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கண்ணடிப்பார்கள்!

நாங்கள் நாலு பேர். ஒரே ஆபீஸ், ஒரே செக்ஷன். நிஜப் பெயர்கள் வேண்டாம், இரண்டு பேருக்கு இன்னும் பெண் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். டூர் செலவைப் பைசா விடாமல் நோட்டில் எழுதியவன் கேஷியர். ஆபத்துக்குக்கூட அழிக்காத விபூதிப் பட்டையோடு வந்தவன் சாமி. தை மாதம் முகூர்த்தம் என்று நிச்சயம் ஆகியிருந்தவன் மாப்பிள்ளை. நாலாவது ஆள் அடியேன்.

இதில் மாப்பிள்ளை நிலைமைதான் மோசம். வருங்கால மாமனார் ரிடையரான ஹெட்மாஸ்டர். கிளம்புகிற அன்று போன் பண்ணிச் சொன்னானாம். "பாங்காக்கா?" என்றார். ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம், "ம்ம்ம்..." அவ்வளவுதான். அன்றைக்குக் கொடுப்பதாக இருந்த மண்டபத்து அட்வான்ஸை, "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். அந்த 'ம்ம்ம்'முக்கு என்ன அர்த்தம் என்று நாலு பேரும் ஆராய்ந்து முடிப்பதற்குள் பாங்காக் வந்துவிட்டது. சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம்தான் சார்! திருநெல்வேலிக்கு பஸ் ஏறினால் விழுப்புரம் தாண்டியிருக்காது.

ஏர்போர்ட்டின் பெயர் சுவர்ணபூமி. உள்ளே நுழைந்தால், தேவர்களும் அசுரர்களும் வாசுகியைப் பிடித்து இழுத்துப் பாற்கடலைக் கடைகிறார்கள்! நிஜமாக. அத்தனை பெரிய சிற்பம். சாமி அங்கேயே கன்னத்தில் போட்டுக் கொண்டான்.

எங்களுக்குத் தாய்மொழி நன்றாகத் தெரியும். தாய் மொழிதான் தெரியாது. ஆனால் 'சவாதீ க்ராப்' என்று கைகூப்பினால் போதும், காரியம் நடக்கிறது. 'சவாதீ' வேறு ஒன்றுமில்லை, நம்ம 'ஸ்வஸ்தி'தான்.

முதல் நாள் அரண்மனை. வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பெரிய மனிதர் வழிமறித்தார். "இன்று அரண்மனை லீவு. விசேஷ பூஜை. அதோ அந்த டுக்-டுக்கில் ஏறினால் இருபதே பாட்டில் ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுவான்" என்றார். இருபது பாட்டுக்கு ஊர் முழுக்கவா? நம்மூர் ஆட்டோவில் வளர்ந்த கேஷியருக்கு அங்கேயே பொறி தட்டியது. "ஏன்டா, இவ்வளவு மலிவா ஒருத்தன் கூப்பிட்டா நாம எதுக்குப் போறோம்? வேற எங்கேயோ கொண்டு போய் விடப் போறான்!"

சரியாகச் சொன்னான். அந்த டுக்-டுக் கடைசியில் நிற்பது ஒரு ரத்தினக்கல் கடை வாசலில். கல்லை நம் தலையில் கட்டினால் டிரைவருக்குக் கமிஷன். வருஷக் கணக்காக நடக்கிற வித்தை இது. பத்தடி தள்ளிப் போனால் அரண்மனை திறந்துதான் இருந்தது!

ஆனால் மாப்பிள்ளை அரை டிராயரில் வந்திருந்ததால் உள்ளே விடவில்லை. எதிர்க் கடையில் யானைப் படம் போட்ட தொளதொள பேன்ட் ஒன்று வாங்கி மாட்டிக் கொண்டான். மூன்று நாளும் அதைக் கழற்றவில்லை.

உள்ளே மரகத புத்தர். 'மரகதம்' என்று பெயரே தவிர, பச்சை ஜேட் கல். 66 சென்டிமீட்டர்தான் உயரம். வருஷத்துக்கு மூன்று முறை, பருவத்துக்குத் தகுந்தபடி மன்னரே உடை மாற்றுகிறார். சுற்றுப் பிராகாரம் முழுக்க ராமாயணம், 178 ஓவியங்கள். இங்கே அதற்கு 'ராமகியன்' என்று பெயர். கதை நம்ம கதைதான், ஆனால் அனுமார் மட்டும் பிரம்மச்சாரி இல்லை! சேதுவைக் கலைக்க ராவணன் தன் மகளையே அனுப்புகிறான். அவள் ஒரு கடல்கன்னி. பெயர் சுவன்னமச்சா. அனுமார் அவளை மணந்து, ஒரு பிள்ளையும் பிறக்கிறது. சாமிக்கு முகம் வாடிவிட்டது. "இதை ஊர்ல போய்ச் சொல்ல வேணாம்டா" என்றான்.

இரண்டாம் நாள் காலை சாமி எங்களை ஓர் இடத்துக்கு இழுத்துக் கொண்டு போனான். நடு ரோட்டில் இரண்டு ராட்சதச் சிவப்புக் கம்பம், மேலே ஒரு குறுக்குச் சட்டம். "இதைப் பார்க்கவா டாக்சி?" என்றான் கேஷியர்.

அது ஊஞ்சல். 1784-ல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் வைத்தது. (கம்பங்கள் 2007-ல் புதிதாக மாற்றிய தேக்கு.) திருவிழாவில் இளைஞர்கள் இதில் வானளவு ஆடி, மூங்கில் உச்சியில் கட்டிய பண முடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். 1935-க்குப் பிறகு ஆடுவதில்லை. ஆனால் பூஜை நிற்கவில்லை. பக்கத்திலேயே 'தேவஸ்தான்', அரண்மனை அந்தணர்களின் கோயில். சிவன், பிள்ளையார், பெருமாள் மூவருக்கும் தனித்தனியாக மூன்று சின்ன வெள்ளைக் கட்டடங்கள்.

"இந்தத் திருவிழாவுக்குப் பேர் என்ன தெரியுமா? சிவனுக்கு நடக்கிறது 'திரியம்பவாய்'. பெருமாளுக்கு நடக்கிறது 'திரிபவாய்'. சொல்லிப் பாருங்கடா" என்றான் சாமி.

சொல்லிப் பார்த்தோம். இரண்டாவது தடவை சொல்லும்போது கேஷியருக்கே புல்லரித்துவிட்டது. திருவெம்பாவை! திருப்பாவை!

மார்கழி விடியற்காலையில் நம்மூர்க் கோயில் ஸ்பீக்கர் போடுகிற அதே பாட்டு. தென்னிந்தியாவிலிருந்து என்றோ கடல் தாண்டி வந்தவர்கள் கொண்டு வந்தது. இன்று பாடுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அர்த்தமும் தெரியாது. உச்சரிப்பு ஏகத்துக்கும் மாறிப் போய்விட்டது. இருந்தும் விடாமல் ஓதுகிறார்கள். 2019 மே மாதம் இப்போதைய மன்னர் முடிசூடியபோதும் சடங்கு செய்தது இந்த அந்தணர்கள்தான்.

"இதை மாமனாருக்கு எழுதணும்டா" என்றான் மாப்பிள்ளை. யானைப் பேன்ட்டோடு சொன்னாலும் சீரியஸாகத்தான் சொன்னான்.

மத்தியானம் எரவான் சந்திப்பு. நம்மூரில் கோயிலே அபூர்வமான பிரம்மா, இங்கே நாற்சந்தியில் நாலு முகத்தோடு உட்கார்ந்து ஓகோவென்று அருள்பாலிக்கிறார். ஹோட்டல் கட்டும்போது அடுத்தடுத்து விபத்து நடக்க, 1956-ல் பிரதிஷ்டை செய்தார்களாம். வேண்டுதல் பலித்தவர்கள் காசு கொடுத்து நாட்டியம் ஆடச் சொல்கிறார்கள். 2015 ஆகஸ்டில் இதே இடத்தில் குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள். நாங்கள் போனபோது சாமந்தி மாலையும் ஊதுபத்திப் புகையும் கூட்டமுமாக இருந்தது.

மாலை ஆறு மணிக்கு ஸ்கை டிரெயின் ஸ்டேஷனில் ஓடிக் கொண்டிருந்த ஜனம் பொம்மை மாதிரி அப்படியே நின்றது. தேசிய கீதம்! தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் இப்படி. வாயில் அடக்கிய மாம்பழத் துண்டை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கேஷியர் நின்ற கோலம், பார்க்கக் கண் கோடி வேண்டும்.

அங்கிருந்து சிலோம் வீதி. கோபுரம் தெரிந்தது. நம்ம ஊர்க் கோபுரம்! மகா மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்க்காரர்கள் 'வாட் கேக்' என்கிறார்கள். சாப்பிடுகிற கேக் இல்லை, 'கேக்' என்றால் விருந்தாளி. நம்மைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனால் விருந்தாளியை விட வீட்டுக்காரர் கூட்டம்தான் அதிகம். பத்துக்கு எட்டுப் பேர் தாய்க்காரர்கள். நெற்றியில் குங்குமம், கையில் பூத்தட்டு.

மாப்பிள்ளை வெளியே வந்து மாமனாருக்கு வீடியோ போட்டு கோபுரத்தைக் காட்டினான். மறுபடி மௌனம். அப்புறம், "அங்கே மாரியம்மனா?" அப்புறம், "எங்க பொண்ணு பேருக்கு அர்ச்சனை பண்ணினீங்களா?" இவன் "இதோ... இப்ப... நட்சத்திரம்?" என்று தடுமாற, "ரோகிணி!" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. கேஷியர் கணக்கே பார்க்காமல் இன்னொரு தட்டு வாங்க ஓடினான்.

இரண்டாவது தட்டோடு நின்றபோது பக்கத்தில் ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். தட்டை எப்படிக் கொடுப்பது என்று சாமியைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். குங்குமம் வாங்கி இட்டுக் கொண்டு, கண்ணை மூடி வெகு நேரம் என்னவோ வேண்டினாள். சாமியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனாள்.

ரயிலுக்கு சாலா டேங் ஸ்டேஷன் வரை நடந்தோம். வழியில்தான் பட்பாங். ஆமாம், நீங்கள் கண்ணடிக்கிற அதே இடம். அம்மன் கோயில் இருக்கிற அதே சிலோம் வீதியில், கால் மணி நடை. வியட்நாம் யுத்தத்தின்போது லீவில் வந்த அமெரிக்கச் சிப்பாய்களால் பெருத்த வியாபாரம். யுத்தம் முடிந்தது, சிப்பாய்கள் போனார்கள், வியாபாரம் போகவில்லை. வேலை செய்கிற பெண்களில் நிறையப் பேர் வடகிழக்கே ஈசான் பக்கத்து நெல் விவசாயிகளின் பிள்ளைகள். மாதா மாதம் வீட்டுக்குப் பணம் போகிறது.

ஒருத்தன் பிளாஸ்டிக் அட்டையை எங்கள் மூக்குக்கு நேரே நீட்டினான். கேஷியர் விலைப்பட்டியலைப் பார்த்தான். நாங்கள் கேஷியரைப் பார்த்தோம். அப்போது வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி சாமியின் விபூதியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கைகூப்பினாள். கோயிலில் பார்த்த பெண். வேறு உடை, முகம் நிறையப் பவுடர். நடுவில் அந்தக் குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது.

சாமி கைகூப்பினான். நாங்களும். அட்டைக்காரன் ஒன்றும் புரியாமல் எங்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஸ்டேஷன் வரை யாரும் பேசவில்லை. ரூமுக்கு வந்தும் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாவ் பிரயா ஆற்றில் படகு, வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தர், அவர் முதுகுப் பக்கம் 108 கிண்ணங்களில் டிங் டிங்கென்று காசு போட்டது, மாம்பழமும் தேங்காய்ப் பாலும் சேர்த்த ஒட்டரிசிச் சோறு... எல்லாம் முடிந்து நள்ளிரவு விமானம். சைவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: காய்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் கொடியில் 'ஜே' என்று சிவப்பாக எழுதிய கடையைத் தேடுங்கள். பிழைத்துக் கொள்வீர்கள்.

சென்னை நெருங்கும்போது மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான். "கல்யாணம் முடிஞ்சதும் அவளை இங்கதான்டா கூட்டிட்டு வரணும். அந்த ஊஞ்சலைக் காட்டணும்."

கேஷியர் நோட்டைத் திறந்தான். "ரெண்டு பேருன்னா எவ்வளவு ஆகும்னு இப்பவே எழுதிக்கோ. யானைப் பேன்ட் செலவு மிச்சம்."