ஏலத்துக்கு ஆள் வராத வீடு

பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போனால் கையில் காசு மிஞ்சும் என்பது ஊர்த்தெருக்காரர்களின் கணக்கு. இருப்பதை விற்பார்கள், சின்னதாக ஒன்று வாங்கிச் செப்பனிடுவார்கள், மிச்சத்தை வங்கியில் போடுவார்கள். விற்க ஒரு வீடு இருக்க வேண்டும், அதை வாங்க ஓர் ஆள் வரவேண்டும் என்ற இரண்டு விஷயங்கள் அந்தக் கணக்கில் சொல்லாமலே அடங்கியிருக்கின்றன. சேரிக்காரர்களுக்கு முதலாவது எப்போதாவது வாய்க்கிறது. இரண்டாவது வாய்ப்பதே இல்லை. அது கடன் வாங்குகிற இடம் வரைக்கும் வந்து எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, கூடம், மாடிக்குத் தனிப்படி. மாதம் 7,500 ரூபாய், முன்பணம் 50,000. 2024 சித்திரையில் வீட்டு ஓனர் வாடகையை 10,000 ஆக்கினார். கல்லூரியில் தொகுப்பூதியத்துக்குத் தமிழ் நடத்துகிற எனக்கும், வேன் ஓட்டுகிற என் இணையருக்கும் அது கட்டுப்படியாகாது. வேறு வீடு தேடினோம். "எந்த ஊரு?" என்பார்கள். சொல்வோம். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அதையும் சொல்வோம். மறுநாள் போன் பண்ணினால் அவர்களுடைய சொந்தக்காரர் யாரோ அந்த வீட்டுக்கு வரப்போவதாக இருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்காத கதை நமக்கெல்லாம் தெரியும். ஆறு வீடு பார்த்த பிறகு, காலனியில் அம்மா பெயரில் இருக்கிற வீட்டுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தோம்.

"படிச்சு வெளிய வந்தவங்க மறுபடியும் சேரிக்கே போறதா?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948-இல் பேசியதை எடுத்துக் காட்டினார்கள். கிராமத்தை விட்டு வெளியேறச் சொல்வது சரிதான். வெளியேறிப் போய் நிற்க நகரத்தில் கதவு திறக்க வேண்டுமே. கதவு திறக்காதவரை சேரி வீட்டை மனுசர் குடியிருக்கிற வீடாக ஆக்கிக்கொள்வதும் அரசியல் வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவின் வீடு தொண்ணூறுகளில் கட்டிய தொகுப்பு வீடு. மூன்று சென்ட் மனையில் முந்நூறு சதுர அடிக்கும் குறைவு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு திண்ணை. பின்னால் தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டிய கக்கூஸ். அம்மா எங்களோடு டவுனுக்கு வந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது. மேல்தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, கம்பி எலும்புமாதிரித் தெரிந்தது. கொத்தனார் வேலை பார்க்கிற என் தாய்மாமா சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார். "பாப்பா, கம்பிக்குக் கீழ அரை இஞ்சு காரைகூட உடல. தண்ணி எறங்கி கம்பி துருவாயிடுச்சி. துருவுனா கம்பி பருக்கும், பருத்தா காரையைத் தள்ளும். இத பூசி மறைக்கக் கூடாது, ஒடச்சிட்டுத்தான் போடணும்" என்றார். ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடித்த சிமெண்டு இருபத்தைந்து வருசம் கழித்து எங்கள் தலையில் உதிர்ந்தது.

தளம் உடைத்துப் போட, மின்சார வயர் மாற்ற, தரை போட, குளியலறை கட்ட, கூடுதலாக ஒரு சின்ன அறை இழுக்க எல்லாம் சேர்த்து 4,60,000 ஆகும் என்று மாமா கணக்குப் போட்டார். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனோம்.

கிரயப் பத்திரம் கேட்டார்கள். எங்களிடம் பத்திரம் இல்லை, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த பட்டாதான் இருக்கிறது. சேரிக்காரர்களுக்கு மனை கொடுப்பதற்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1978-இல் தனிச்சட்டமே வந்தது. அப்படி எடுத்துக் கொடுத்த மனைகள் பலவற்றில் பட்டா அம்மாக்களின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், கிராமக் கணக்கில் பழைய நிலக்காரர் பெயரே இருக்கும். எங்களுடையது நல்லவேளையாகக் கணக்கில் ஏறியிருந்தது. ஆனால் பட்டாவின் பின்பக்கம் நிபந்தனைகள் அச்சாகியிருந்தன. வங்கியின் வக்கீல் அவற்றைப் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டை மதிப்பிட வந்த இன்ஜினியரோ, வீட்டைவிட அது இருக்கிற தெருவைத்தான் அதிகநேரம் பார்த்தார். விற்பனை வாய்ப்பு இல்லை என்று எழுதினார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. மரியாதையாகவே உட்கார வைத்துச் சொன்னார்: "உங்க சம்பளம் பரவாயில்ல மேடம். ஆனா நாளைக்கு நீங்க தவணை கட்டலன்னு வச்சிக்குங்க, அந்த வீட்ட நாங்க யாருக்கு விக்கிறது? காலனிக்குள்ள வந்து யார் ஏலம் எடுப்பா?"

அந்த ஒரு கேள்வியில் வீட்டுக்கடனின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டம், கடன் தவறினால் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது. அப்படியானால் வங்கி, வாங்குகிறவரின் முகத்தை மட்டும் பார்த்துக் கடன் தருவதில்லை. அவர் விழுந்தபின் அந்த வீட்டை எடுக்க வரப்போகிறவனின் முகத்தையும் பார்த்துத்தான் தருகிறது. சேரி வீட்டுக்கு அப்படி ஒருவன் வரமாட்டான். எந்தச் சட்டமும் சேரி மனைக்கு விலையில்லை என்று சொல்லவில்லை. ஊர் சொல்கிறது. ஊர் சொல்வதை இன்ஜினியர் ஒரு படிவத்தில் எழுதுகிறார். தீண்டாமை என்ற சொல் எங்கேயும் வராமலே தீண்டாமை வேலையை முடித்துக்கொள்கிறது.

"அப்ப அந்தக் கண்டிஷன எடுத்துடச் சொல்லிப் போராடலாமே" என்றார் கூட வந்த தம்பி. அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன்பிறகும் நம்மவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை போட்டார்கள். நிபந்தனை இருந்தும் நிலம் என்ன ஆனது? கடனுக்கும் கள்ளுக்கும் மிரட்டலுக்கும் கைமாறியது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். நிபந்தனை இல்லாமலே போனால் மிச்சமிருக்கிற மூன்று சென்டும் எத்தனை நாளைக்கு நிற்கும்? காக்கிற வேலியே கடனையும் தடுக்கிறது. வேலியைப் பிடுங்காமல் வழி கேட்பதுதான் நம் வேலை.

வங்கி கைவிட்டபின் சேரியில் எல்லாரும் போகிற வழியில் போனோம். முன்பணத்தில் ஓனர் வெள்ளையடிக்க 8,000 பிடித்துக்கொண்டு 42,000 கொடுத்தார். ஐந்து பவுன் நகையை அடகு வைத்தோம். மதிப்பில் முக்கால் பங்குக்குள் 1,85,000 கிடைத்தது. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை ஐந்தாம் மாதமே 24,000 தள்ளி 76,000-க்கு எடுத்தேன். அம்மா மகளிர் குழுவில் 50,000 வாங்கிக் கொடுத்தார். அக்கா கைமாத்தாக 30,000 தந்தாள். மொத்தம் 3,83,000. மிச்சத்தை மாமாவும் அவர் பிள்ளைகளும் கூலி வாங்காமல் உழைத்துக் கொடுத்தார்கள். தளம் போட்ட அன்றைக்குக் காலனிப் பெண்கள் பாண்டு தூக்கினார்கள். அந்த உழைப்புக்கு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். கழிவு போகச் சீட்டுக்கு மாதம் 4,200, குழுவுக்கு 2,350, நகை வட்டிக்கு எடுத்து வைப்பது 1,390. ஆக 7,940. கொடுத்துக்கொண்டிருந்த பழைய வாடகையைவிட 440 ரூபாய் அதிகம். வங்கி மூன்றரை லட்சத்தை ஒன்பது சதவீதத்தில் பதினைந்து வருசத்துக்குக் கொடுத்திருந்தால் மாதத் தவணை 3,550 ரூபாய்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 4,390 ரூபாயை நாங்கள் மாதாமாதம் எதற்காகக் கட்டுகிறோம்? சாதிக்குக் கட்டுகிற வரி என்றுதான் நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். அதிலும் நகைக்கடனின் முதல் அப்படியே நிற்கிறது. ஒரு வருசத் தவணை முடிந்து 2025-இல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தோம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2024-இல், 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவித்தார்கள். எங்கள் தெருவில் கணக்கெடுத்தபோது எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததால் ஆளில்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்களாம், பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். பிழைப்புக்காக டவுனுக்குப் போனவர்களின் வீடெல்லாம் இப்படித்தான் விடுபடும்.

தாட்கோ என்ற நிறுவனம் 1974-இல் ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதற்காகத் தொடங்கப்பட்டது. கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்து அப்போது ஆறு வருசம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டுக்காகப் பிறந்த அந்த நிறுவனமே இந்தக் கடனுக்கு ஜாமீன் நிற்கலாம். தவணை தவறினால் வீட்டைத் தாட்கோ எடுத்து, அதே காலனியில் வீடில்லாத குடும்பத்துக்குக் கொடுக்கட்டும். நிலம் நம்மைவிட்டுப் போகாது, வங்கியின் பணமும் போகாது. ஏலத்துக்கு ஆள் வரமாட்டான் என்கிற சாக்குக்கும் இடமிருக்காது. மனைப்பட்டா கேட்டு மனு எழுதுகிற தோழர்கள் இனி இந்த வரியையும் சேர்த்து எழுதவேண்டும்.

வெளிச்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. சீட்டு முடிந்ததும் பூசிக்கொள்ளலாம் என்கிறார் மாமா. அம்மாவுக்கு அதெல்லாம் கவலையில்லை. "மழை பேஞ்சா எழுந்து பாத்திரம் வெக்கிற வேல இல்லடி, அது போதும்" என்கிறார். அது போதாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.