காயப்போட்ட விறகு

விறகு யாவாரி ஒருவர் காட்டைப் பார்க்க வந்தால், மரத்தின் பருமனை விசாரிப்பதற்கு முன்னால் "எப்பண்ணே வெட்டிக்கிறலாம்?" என்றுதான் கேட்பார். பேச்சுக்குக் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனால் விலையில் பாதி அந்தப் பதிலிலேயே முடிவாகிவிடும். "நாளைக்கே வந்தாலும் சரிதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், வீட்டில் ஏதோ நெருக்கடி என்று அவருக்குப் புரிந்துவிடும். பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டியிருக்கலாம், நகையைத் திருப்ப வேண்டியிருக்கலாம், வீட்டில் ஒரு சடங்கு இருக்கலாம். "அவசரமில்லப்பா, ஆடி வரைக்கும் கிடக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து காட்டைச் சுற்றிப் பார்ப்பார். முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் புஞ்சை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

எங்கள் நிலமும் அந்தப் பக்கத்துப் புஞ்சைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காக விழுந்தால் நெல்லும் மிளகாயும் எடுக்கலாம். விழாவிட்டால் ஒன்றும் கிடையாது. கிணறு தோண்டினால் உப்புத்தண்ணீர். மழை தொடர்ந்து பொய்த்த காலத்தில் உழவை விட்டவர்கள் பலர். அப்படி விட்ட இடத்திலெல்லாம் சீமைக் கருவேல் ஏறிக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களைப் பூர்வீகமாகக் கொண்ட மரம் அது. 1870களின் பிற்பகுதியில், எரிபொருளுக்காகவும் தரிசை மூடுவதற்காகவும் வெள்ளைக்காரர்களின் வனத்துறை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு அதைப் பரப்ப வனத்துறை தேவைப்படவில்லை. காய் இனிப்பாக இருக்கும். ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து, உரத்தோடு சேர்த்தே முளைத்துக்கொள்ளும். எங்கள் புஞ்சையில் ஒரு பகுதி அப்படித்தான் விறகுக் காடானது. அதை அழிந்த நிலம் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அது மெதுவாக விளைகிற ஒரு வெள்ளாமை. விதை, உரம், தண்ணீர் என்று எந்தச் செலவும் வைக்காத இந்த வெள்ளாமை, வெட்டு, காய்ச்சல், விற்பனை மூன்றிலும் ஆளைக் கவனமாக இருக்கச் சொல்லும்.

தையில் நெல் அறுப்பு முடிந்தால் மாசியில் வெட்டுக்கு ஆள் கிடைக்கும். இடது கையில் கவைக்கம்பு, வலது கையில் அரிவாள். கவையால் முள்ளுக் கிளையை நெட்டித் தள்ளி, தூரைக் கண்ணுக்குக் கொண்டுவந்து, அடியில் சாய்வாக ஒரே போடு. தரையை ஒட்டி வெட்ட வேண்டும். முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போனால் அடுத்த வெட்டுக்கு அந்த மொட்டைக் கட்டைகளே இடைஞ்சல். வெட்டிய தூர் மறு மழைக்குள் கொத்துக் கொத்தாகத் தளிர்த்துவிடும். அத்தனையையும் விட்டுவைத்தால் விரல் பருமனில் குச்சிதான் கிடைக்கும். திடமான இரண்டு, மூன்றை மட்டும் நிறுத்தி மற்றதைக் கழித்துவிட்டால் மூன்று, நான்கு வருடத்தில் கை நிறையப் பிடிக்கிற கட்டையாகத் திரண்டு நிற்கும். பலர் இந்தக் கழிப்பைச் செய்வதில்லை. ஒரு மழைக்காலத்தில் சில நாள் வேலை. அடுத்த வெட்டில் குச்சி விலையா, கட்டை விலையா என்பது அதில்தான் இருக்கிறது.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைச் சொன்னதாகாது. பழைய டயரில் தைத்த செருப்பைக்கூடத் துளைத்து ஏறுகிற முள். எங்கள் காட்டில் வெட்டுகிற ஆத்தா ஒருத்தியின் இடுப்பில் சுருக்குப் பையோடு முள்வாங்கியும் தொங்கும். பக்கத்தில் வெட்டுகிற பெண் காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். எச்சில் தொட்டு மண்ணைத் துடைப்பாள். முள் ஏறிய இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வருவாள். எந்தப் பக்கம் அழுத்தும்போது கால் வெடுக்கென்று இழுக்கிறதோ, அந்தப் பக்கமாக முனை சாய்ந்திருக்கிறது என்று அவளுக்குக் கணக்கு. ஊசி முனையால் தோலைச் சற்றே நெம்பி, முள்வாங்கியைக் கொடுத்து, ஏறிய சாய்விலேயே வெளியே இழுப்பாள். ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் எருக்கம்பால் வைத்து அடுத்த நாள் பார்ப்பாள். சீழ் வைத்தால் வாரக்கணக்கில் வேலைக்கு வர முடியாது. நம் வீட்டு அடுப்புக்கோ ஊர்ச் சூளைக்கோ போகிற ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் இப்படி ஒரு கால் இருக்கிறது.

வெட்டியதை மூன்றடித் துண்டுகளாக்கி அட்டி போட வேண்டும். அடியில் இரண்டு தடிக்கட்டைகளைக் கிடத்தி, அதன் மேல்தான் அடுக்கு. தரையில் நேராகப் போட்டால் கறையான் ஏறிவிடும். குறுக்கும் நெடுக்குமாக, காற்று புகுந்து வெளியேறுகிற மாதிரி அடுக்கினால்தான் நடுவில் இருக்கிறதும் காயும். பருத்த கட்டையை அப்போதே கோடாரியால் பிளந்துவிடுவது நல்லது. பட்டை மூடியிருக்கும் வரை உள்ளே இருக்கிற நீருக்கு வெட்டுமுகத்தை விட்டால் வெளியேற வேறு வழி கிடையாது. பிளந்தால் நெடுகிலும் திறந்துகொள்ளும். பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் போதும். எங்கள் ஊர் வெயிலைச் சபிக்காதவர்கள் கிடையாது. அந்த வெயில் இந்த ஒரு வேலையை மட்டும் எந்தச் சூளைக்காரனையும்விட ஒழுங்காகச் செய்து கொடுக்கிறது.

காய்ந்ததற்கு அடையாளம் உண்டு. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குக் கீறல் விட்டிருக்கும். பட்டை விரலால் நெம்பினாலே கழன்று வரும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் 'ணங்' என்று ஒலிக்கும். ஈரமாக இருந்தால் 'தொப்' என்று அமுங்கிப்போகும். யாவாரி காட்டுக்குள் வந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே அட்டியின் நடுவிலிருந்து இரண்டு கட்டைகளை உருவித் தட்டிப் பார்ப்பார். மேலே இருப்பதை உருவ மாட்டார்.

விறகு எடைக்குத்தான் போகிறது. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, எடைமேடையில் நிறுத்தி, வெறும் வண்டி எடையைக் கழித்துச் சீட்டு வாங்குவார்கள். இந்த எடையில்தான் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆயிரம் கிலோ பச்சை விறகில் நானூறு கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகக் காய்ந்த பிறகும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஈரம் மரத்தில் நிற்கும். அப்படியானால் அந்த ஆயிரம் கிலோ, ஏறக்குறைய எழுநூறு கிலோவாக எடைமேடைக்கு வரும். மூன்று மாதம் காத்திருந்ததற்கு முந்நூறு கிலோ எடை குறைந்திருக்கிறது. காய்ந்ததற்கு அந்த அளவுக்கு விலை கூடக் கிடைத்தால்தான் நிலத்துக்காரருக்குக் கட்டும். பச்சைக்கும் காய்ந்ததற்கும் ஒரே விலை என்று யாவாரி சொன்னால், காத்திருந்தவருக்கு நஷ்டம். ஆனால் விறகை எரிக்கிறவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோகலோரி வெப்பம் செலவாகிறது. ஈர விறகை அடுப்பில் வைத்தால், தீ முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் துரத்திவிட்டுத்தான் பானைக்கு வரும். அதைவிடப் பெரிய கேடு, சூடு ஏறாததால் மரத்திலிருந்து எழுகிற வாயு எரியாமல் புகையாகவே வெளியேறுவது. சூளைக்குச் சேதாரம் கூடும், சமையல்காரருக்கு நேரம் போகும், வீட்டில் அடுப்பு ஊதுகிற பெண்ணுக்கு நெஞ்சு கெடும். 2016-ல் உஜ்வலா திட்டம் வந்து சிலிண்டர் கிராமத்துக்குள் வந்த பிறகும், வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் எங்கள் ஊரில் விறகுதான். ஆகவே காய்ந்த விறகைக் கொடுப்பது நாணயத்தைச் சேர்ந்த விஷயம் என்றே நான் நினைக்கிறேன்.

இருந்தும் எங்கள் பகுதி விறகில் பெரும்பகுதி பச்சையாகவே கைமாறுகிறது. மரம் நிற்கும்போதே காட்டை ஒட்டுமொத்தமாகப் பேசி, முன்பணம் வாங்கி, யாவாரியே ஆள் விட்டு வெட்டிக்கொள்கிற ஏற்பாடு. காய வைக்கத் தெரியாமல் யாரும் இப்படி விற்பதில்லை. ஆடி வரை பொறுத்திருக்க அவர்களிடம் பணம் இல்லை. யாவாரியிடம் இருக்கிறது. அவர் அதே விறகை ஊருக்கு வெளியே களத்தில் அடுக்கி, அதே வெயிலில் காய வைத்து, கல்யாண மண்டபத்துக்கும் பரோட்டாக் கடைக்கும் செங்கல் சூளைக்கும் திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கொதிகலனுக்கும் அனுப்புகிறார். வெயில் இருவருக்கும் இலவசம்தான். மூன்று மாதம் பணமில்லாமல் வீட்டை ஓட்ட முடிகிறவருக்கே அந்த வெயில் லாபமாகிறது. யாவாரியை நான் குறை சொல்லவில்லை. அவரும் வண்டி வாடகையும் வட்டியும் கட்டுகிறவர்தான். ஆனால் நெல்லுக்கும் மிளகாய்க்கும் கிடங்கில் வைத்துக் கடன் வாங்க வழி செய்து கொடுத்த நாட்டில், அட்டி போட்ட விறகைக் காட்டி ஆடி வரைக்கும் ஒரு சிறு கடன் வாங்க ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் வழி இருந்தால் எத்தனை பேர் முன்பணத்துக்குக் கை நீட்டாமல் இருப்பார்கள் என்று அடிக்கடி எண்ணிக்கொள்வேன்.

விறகாக விற்காமல் கரியாகவும் போடலாம். கட்டைகளை நெருக்கி அடுக்கி, தழை மூடி, மண் பூசி, உள்ளே தீ வைத்து, காற்றை அளந்து விடுகிற மூட்டம். வெள்ளையாகச் சுருண்டு வந்த புகை மெலிந்து நீலம் பாரித்தால் உள்ளே வெந்துவிட்டது என்று துளைகளை அடைப்பார்கள். இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். மண் ஓரிடத்தில் சரிந்து காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். நாலைந்து கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி. தூர்க்கரிக்குத்தான் நல்ல விலை, அடுத்து குச்சிக்கரி, கடைசியில் தூள். இது தனித் தொழில். கைப்பழக்கம் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் விட்டுவிடுவதே முறை.

என்ன விறகை விற்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். உடை மரமும் நாட்டுக் கருவேலும் நின்று எரிகிற அருமையான விறகு. ஆனால் அவை இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கின்றன. காய்ந்து விழுந்த வாதைப் பொறுக்கலாம், நிற்கிற மரத்தில் கை வைப்பதில்லை. பனை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. சூளைக்கென்று பனையைச் சாய்த்து லாரி லாரியாக ஏற்றிய காலத்தை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. ஆளுயரம் தாண்டவே பல வருடம் எடுத்துக்கொள்கிற மரம், எரிந்து முடிய ஒரு பொழுதுகூட ஆகாது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு இருபது வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

சீமைக் கருவேலை அடியோடு ஒழிக்க வேண்டும் என்ற குரலும் நியாயமானதுதான். வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட, 2017-ல் தென்மாவட்டங்கள் எங்கும் பொக்லைன்கள் இறங்கின. 2022-ல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று அரசு ஒரு கொள்கையும் வகுத்தது. கண்மாயிலும் வரத்துக்காலிலும் இந்த மரம் ஒன்றுகூட நிற்கக் கூடாது. அங்கே அது நீர்வழியை மறித்து நிற்கிற ஆக்கிரமிப்பு. அங்கேயும் மேலே வெட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. மொட்டு மண்ணுக்குள் தூரின் கழுத்தில் இருக்கிறது. கடப்பாரை போட்டு அதைப் பெயர்த்தால்தான் திரும்ப வராது. பட்டா நிலத்தில் வேறு கதை. அங்கே ஒரே நாளில் பிடுங்கு என்றால் வெட்டுகிறவளுக்குக் கூலியும் நிலத்துக்காரருக்கு மழை பொய்த்த வருடத்து வரும்படியும் ஒன்றாகப் போய்விடும். நான் பாதி நிலத்தில் தூரைப் பெயர்த்து, அந்தத் தூர் விற்ற பணத்தில் உழவு ஓட்டி, மழையை நம்பி மிளகாய் வைக்கிறேன். பாதியை முறை வைத்து வெட்டுகிற விறகுக் காடாக வைத்திருக்கிறேன். காய் முற்றும் காலத்தில் ஆட்டை அதற்குள் விடுவதில்லை.

கூலி விஷயத்தில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இந்தப் பக்கத்தில் வெட்டுக்கூலி பெரும்பாலும் டன் கணக்கு. பச்சையாக ஏற்றுகிற காட்டில் அது சரிதான். காய வைத்து ஏற்றுகிற காட்டில், சீட்டில் விழுகிற எடையில் முந்நூறு கிலோ காற்றோடு போயிருக்கும். அதை வெட்டியதும் சுமந்ததும் அந்தப் பெண்கள்தான். நான் காத்திருப்பதற்கு அவர்கள் கூலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? "தம்பி, நீங்க எப்ப வேணா வித்துக்கங்க, எங்களுக்கு வெட்டின அன்னிக்கே அளந்து கொடுத்துருங்க" என்று அந்த ஆத்தாதான் முதலில் கேட்டாள். இப்போது அட்டியைத்தான் அளக்கிறோம். அட்டியின் நீளம், உயரம் இரண்டையும் ஒரு குறி போட்ட கம்பால் அவளே அளப்பாள். காய்ந்தால் அட்டியின் எடை இறங்கும், அளவு பெரிதாகச் சுருங்காது. சாயங்காலம் கூலி கைக்குப் போய்விடும். ஆடியில் எடைமேடைச் சீட்டு வரும்போது அதில் யாருடைய பாக்கியும் இருக்காது.