கோடுகளில் எழும் மலை

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், ரானக், டம்மல் ஏரிகளுக்குத் தெற்கே தனித்து நிற்கிறது ஷிஹாலியன். உயரம் 1,083 மீட்டர். வரைபடமும் காம்பஸும் கொண்டு மலையில் வழி கண்டு நடக்கக் கற்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. 1774இல் வானியலாளர் நெவில் மாஸ்கலைன் இங்கே முகாமிட்டு, மலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார். பூமியின் அடர்த்தியைக் கணக்கிடுவது நோக்கம். அதற்கு மலையின் வடிவம் துல்லியமாகத் தெரிய வேண்டும். குவிந்து கிடந்த அளவுகளில் ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கணித அறிஞர் சார்லஸ் ஹட்டன் கோடுகளால் இணைத்தார். காகிதத்தில் மலை எழுந்தது. பள்ளிப் பூகோளத்தில் நாம் படித்த சமஉயரக் கோடுகளின் தொடக்ககாலக் கதைகளில் இதுவும் ஒன்று.

அடிவாரத்தில் எங்கள் பயிற்றுநர் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தைக் கார் மேலேயே விரித்தார். 1:25,000 அளவு, நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். “வழியில் என்னென்ன பார்ப்போம், வரிசையாகச் சொல்லுங்கள்” என்றார். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கும் இடத்தில் மூச்சு வாங்கும். விலகும் இடத்தில் கால் ஓயும். செங்குத்தான ஏற்றம், அதன்பின் மேற்கே நீளும் மலைமுதுகு என்று விரலாலேயே ஏறி முடித்தோம். நேரத்தைக் கணிக்க, ஸ்காட்டிஷ் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்த விதி இன்றும் போதும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். எங்கள் பாதை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் சுமார் 750 மீட்டர். ஆக, இரண்டே கால் மணி நேரம்.

பிறகு காம்பஸ். அதன் நீண்ட ஓரத்தை, நிற்கும் இடத்தையும் போகும் இடத்தையும் தொடும்படி வரைபடத்தில் வைக்க வேண்டும். வட்டத்தைத் திருப்பி, அதற்குள் இருக்கும் கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு இணையாக்க வேண்டும். காந்த வடக்குக்கான சிறு திருத்தம் வரைபட விளிம்பிலேயே இருக்கும். அப்புறம் காம்பஸை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ஊசியின் சிவப்பு முனை வட்டத்தின் அம்புக்குள் அடங்கும்வரை உடம்போடு திரும்ப வேண்டும். கைபேசியும் இரும்பும் அருகில் இருந்தால் ஊசி பொய் சொல்லும்.

மேலே, உடைந்த குவார்ட்ஸைட் பாறைகளுக்கு நடுவே மேகம் இறங்கியது. அங்கேதான் இந்தக் கலையின் உயிர் புரிந்தது. ஊசி திசையை மட்டுமே சொல்லும். இன்னும் 300 மீட்டர் போனால் தரை எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதை நாமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். காலடிகளை எண்ணிக்கொண்டே போய், சொன்னபடி சரிகிறதா என்று பார்க்க வேண்டும். சரியாவிட்டால் மேலே போகாமல், உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்ப வேண்டும். பயிற்றுநர் இன்னொரு நுட்பமும் சொன்னார்: ஓடைப் பாலத்தைத் தேடும்போது, வேண்டுமென்றே அதற்குச் சற்று இடப்புறமாகக் குறி வையுங்கள், ஓடையைத் தொட்டதும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற சந்தேகமே இருக்காது.

ஸ்காட்லாந்தின் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ் மலையுச்சியில் இந்தத் திறமை உயிர் காப்பது. நில அளவைத் தூணிலிருந்து 231 பாகையில் 150 மீட்டர், பின்பு 282 பாகை: வடக்குப் பாறைச்சரிவுகளில் விழாமல் மேகத்தில் இறங்க, அங்கு ஏறுபவர்கள் மனப்பாடம் செய்யும் எண்கள் இவை. ஜிபிஎஸ் நல்ல துணைதான். ஆனால் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகப் பணியாது. மலையில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் வானம் தெளிந்த நாளிலேயே, தெரிந்த பாதையிலேயே வரைபடத்தை விரித்துப் பழகுங்கள். அடுத்து வரப்போவதைச் சொல்லிவிட்டு நடங்கள். சொன்னது பலிக்கப் பலிக்க, கண் தெரியாத நாளிலும் கால் பதறாது.