பதினேழு லட்சத்துக்கு ஒரு மாருதியா?

2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஐதராபாத்தில் ஓய்வுபெறும் தறுவாயிலிருந்த பொறியாளர் ஒருவர் தம் வாழ்நாளின் மூன்றாவது காரை வாங்கினார். மூன்றுமே மாருதி. முதலாவது, முன்பதிவு செய்து காத்திருந்து 1987இல் பெற்ற மாருதி 800. இரண்டாவது எஸ்டீம். மூன்றாவது கிசாஷி: ஜப்பானில் முழுமையாகத் தயாரித்துக் கப்பலில் கொண்டுவரப்பட்ட, 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய செடான். வண்டியைப் பார்க்க வந்த மைத்துனர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். தோலிருக்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா பதினேழு லட்சத்துக்கு ஒரு மாருதியா?" என்றார்.

அக்கேள்வியில் கேலி இல்லை. உண்மையான வியப்பே இருந்தது. பொறியாளரிடம் விடை ஆயத்தமாக இருந்தது. எஞ்சினின் திறன், வளைவுகளில் வண்டி காட்டும் நிதானம், உள்ளே நிலவும் அமைதி என ஒவ்வொன்றாக அவரால் விளக்க முடிந்தது, விளக்கவும் செய்தார். ஆனால் மைத்துனர் கேட்டது வண்டியைப் பற்றியன்று, பெயரைப் பற்றி.

பொதுமக்களுக்கான கார்களால் பெயர்பெற்ற ஒரு நிறுவனம், அதே பெயரில் சொகுசு செடான்களை விற்று வெல்ல முடியுமா என்ற வினாவை மேலாண்மைப் பாடநூல்கள் சந்தை உத்தி சார்ந்த சிக்கலாகவே அணுகுகின்றன. அதனடியில் சமூகவியல் வினா ஒன்று உறைகிறது. 1899இல் தோர்ஸ்டீன் வெப்லன் பகட்டு நுகர்வைப் பற்றி எழுதியபோது, விலையுயர்ந்த பொருளின் பயன் அதைப் பிறர் காண்பதில் இருக்கிறது என்பதைக் கவனப்படுத்தினார். சொகுசுக் காரை வாங்குபவர் தாம் அறிந்ததற்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. பிறர் அறிந்திருப்பதற்கும் சேர்த்தே கொடுக்கிறார். தோலிருக்கையின் மென்மையை உள்ளே அமர்ந்தவர் மட்டுமே உணர்வார். முகப்பிலுள்ள முத்திரையையோ விடுதி வாயிலில் நிற்கும் காவலரும் படித்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் முரண் தோன்றுகிறது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி அதன் உரிமையாளரிடம் வழங்கினார். அன்றிலிருந்து அந்தப் பெயர் இந்திய நடுத்தரக் குடும்பத்துக்கு அளித்துவந்த உறுதிமொழி ஒன்றே: இது உங்களுக்கும் எட்டும், எந்த ஊரிலும் இதைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பார், விற்றாலும் நல்ல விலை வரும். சொகுசு முத்திரையின் உறுதிமொழி இதற்கு நேர் எதிரானது: இது எல்லோருக்கும் எட்டாது. ஒரே பெயர் இவ்விரண்டையும் ஒருசேரச் சொன்னால், கேட்பவர் தாம் முன்பே நம்பியதைத்தான் நம்புவார். மாருதியின் பெரும் சொத்தான அந்த நம்பிக்கையே கிசாஷியின் தோளில் பாரமாக ஏறியது.

இவ்விளக்கத்தை ஐயத்தோடும் நோக்க வேண்டும். கிசாஷி 2011 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில்தான் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருந்தது. டீசல் மானியம் தொடர்ந்ததால் வாங்குவோர் டீசல் வண்டிகளை நாடினர். கிசாஷியில் டீசல் இல்லை. இறக்குமதி வரி வேறு விலையை உயர்த்தியது. பெட்ரோலில் மட்டுமே ஓடிய ஹோண்டா அக்கார்டும் 2013இல் இந்தியச் சந்தையிலிருந்து விலகியது. எனவே தோல்வி முழுவதையும் பெயரின்மேல் சுமத்துவது பிழை. ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. அக்கார்டு வாங்கியவரிடம் யாரும் "ஹோண்டாவா?" என்று வியந்து கேட்டிருக்க மாட்டார்கள். 1998இல் சிட்டி செடானோடு இந்தியாவுக்குள் நுழைந்த அந்த நிறுவனத்துக்கு இங்கே மலிவான காரின் நினைவு இல்லை.

நினைவு என்பதே இங்கு திறவுச்சொல். ஸ்கோடா என்ற பெயர் பிரிட்டனில் நெடுங்காலம் நகைச்சுவைத் துணுக்குகளுக்குத் தீனியாக இருந்தது. அதே ஸ்கோடா 2001இல் ஆக்டேவியாவோடு இந்தியாவுக்கு வந்தபோது, அத்துணுக்குகள் எவையும் உடன்வரவில்லை. இந்திய வாடிக்கையாளர் முதலில் பார்த்ததே கனமான கதவும் ஐரோப்பியத் தோற்றமும் கொண்ட செடானை. 2004இல் சூப்பர்ப் வந்தபோது, அந்தப் பெயரில் இத்தனை விலையா என்று கேட்க இங்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இதற்கு மறுதலையான சான்று ஜெர்மனியில் உண்டு. 'மக்கள் கார்' என்பதையே பெயராகக் கொண்ட ஃபோக்ஸ்வாகன், ஃபெர்டினாண்ட் பியெக்கின் தலைமையில் 2002இல் ஃபேட்டன் என்னும் சொகுசு செடானை வெளியிட்டது. அதற்கென்றே டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர்களாலான தொழிற்சாலை எழுப்பப்பட்டது. அதே அடித்தளத்தின்மேல்தான் பென்ட்லியின் கான்டினென்டல் ஜிடியும் உருவாயிற்று. பென்ட்லி விற்றது, ஃபேட்டன் தேங்கியது. அமெரிக்காவிலிருந்து 2006இலேயே அது விலகிக்கொள்ள நேர்ந்தது; 2016இல் உற்பத்தியும் நின்றது. பதினான்கு ஆண்டுகளில் தயாரானவை ஏறத்தாழ 84,000. மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ் 2014ஆம் ஆண்டில் மட்டும் அதைவிட அதிகமாக விற்றது. அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட இரு கார்களுள் ஒன்று வென்று மற்றொன்று தோற்றதைப் பொறியியலால் மட்டும் விளக்கிவிட முடியாது.

டொயோட்டாவின் வரலாறு இவ்விரண்டையும் ஒரே நிறுவனத்துக்குள் காட்டுகிறது. 1989இல் அமெரிக்காவில் எல்எஸ் 400 செடானை விற்றபோது அந்நிறுவனம் தன் பெயரை விலக்கி, லெக்சஸ் என்ற புதுப் பெயரையும் தனி விற்பனையகங்களையும் உருவாக்கியது. அதே கார் ஜப்பானில் டொயோட்டா செல்சியார் என்ற பெயரிலேயே விற்பனையாயிற்று. 1955 முதல் கிரவுன் செடானையும் 1967 முதல் அரச குடும்பத்தினரும் பயன்படுத்தும் செஞ்சுரியையும் கண்டு பழகிய ஜப்பானியருக்கு, டொயோட்டா என்பது மலிவான காரின் பெயர் மட்டுமன்று. ஹூண்டாய் முதலில் வேறு வழியைச் சோதித்தது. 2008இல் ஜெனிசிஸ் செடானைத் தன் பெயரிலேயே விற்றது; அது 2009ஆம் ஆண்டுக்கான வட அமெரிக்காவின் சிறந்த கார் விருதையும் பெற்றது. இருந்தும் 2015இல் ஜெனிசிஸைத் தனி முத்திரையாகப் பிரித்துவிட்டது. விருதுகூடப் பெயரின் பழைய நினைவை அழிக்கப் போதவில்லை போலும்.

ஆகவே பொதுச்சந்தை நிறுவனத்தால் சொகுசு செடானை உருவாக்க முடியுமா என்பதில் ஐயமில்லை. அதே பெயரில் விற்க முடியுமா என்பது, வாங்குபவர் வாழும் ஊரில் அந்தப் பெயர் எதை நினைவூட்டுகிறது என்பதைப் பொறுத்தது. மாருதியும் இதை உணர்ந்தே 2015இல் நெக்ஸா என்ற தனி விற்பனையகங்களைத் திறந்தது எனலாம். ஆனால் அது கடையைப் பிரித்ததேயன்றிப் பெயரைப் பிரிக்கவில்லை. அங்கு விற்றவற்றுள் பெரும்பாலானவை சொகுசுக் கார்களும் அல்ல.

இதில் இழப்பு யாருக்கு? நிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விடும். ஐதராபாத் பொறியாளருக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. அவர் பகட்டுக்காக வாங்கவில்லை, நன்றிக்காக வாங்கினார். மனைவியைப் பிரசவத்துக்கு அழைத்துச் சென்றதும், மகளைப் பள்ளியில் சேர்க்கக் கொண்டுபோனதும் அந்தப் பழைய 800தான். அந்தப் பெயரின் மிகச் சிறந்த கார் தம்மிடம் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியது இயல்பு. ஆனால் உறவினர் கண்ணில் அது கணக்குத் தெரியாதவரின் தேர்வாகவே நின்றது. மகளின் திருமண வரவேற்பன்று நட்சத்திர விடுதியின் காவலர், வாசலருகே வெளிநாட்டுக் கார்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, இவரை அடித்தள நிறுத்தத்துக்குப் போகுமாறு கைகாட்டினார். வாசலில் நின்ற கார்களுள் சில சென்னையிலும் புணே அருகிலும் பூட்டப்பட்டவை. அடித்தளத்துக்கு இறங்கியதே கப்பலில் வந்த கார். காவலரிடம் இதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

2019இல் அவர் அதை விற்றார். அதே ஆண்டு வாங்கப்பட்ட பல சிறு கார்களைவிடக் குறைந்த விலையே கிடைத்தது. வாங்க வந்தவர் இருபத்து நான்கு வயது இளைஞர். நல்ல நிலையிலுள்ள கிசாஷியைத் தேடிப் பல மாதங்கள் அலைந்தவர். தரையில் படுத்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தார். எஞ்சினின் ஓசையைக் கண்மூடிக் கேட்டார். "வீட்டில் 800 இருந்ததா?" என்று பெரியவர் கேட்டார். தான் பார்த்ததே குறைவு என்றார் இளைஞர். 800இன் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டிருந்தது.

நினைவுக்கும் ஆயுள் உண்டு. மாருதி என்றால் சிறிய கார் என்று எண்ணாத தலைமுறை ஒன்று உருவாகிக்கொண்டிருக்கலாம். ஆனால் அத்தலைமுறை உயரமான எஸ்யூவிகளை நாடுகிறது. மாருதியின் பெரிய செடானாக எஞ்சியிருந்த சியாஸும் 2025இல் நிறுத்தப்பட்டது. பெயரின் பழைய பாரம் இறங்கும் வேளையில், அந்தப் பெயரைச் சுமக்க செடான் இருக்குமா என்பது ஐயமே.